ஊருக்குப் பணம் போகும் வழியை அடைத்தால்..?

மாதத்தின் முதல் வாரம். துபாய், தேரா பகுதியில் இருக்கிற எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டர்களில் மாலை ஆறு மணிக்கு மேல் நிற்க இடம் இருக்காது. சம்பளம் வாங்கிய கையோடு வரிசையில் நிற்பவர்களில் மலையாளம், தமிழ், உருது, வங்காளம், தகலோக் எல்லாம் கேட்கும். கவுன்ட்டரில் பணத்தை எண்ணிக் கொடுத்து, ரசீதை வாங்கி, அதை மொபைலில் படம் பிடித்து ஊருக்கு அனுப்பிய பிறகுதான் முகத்தில் ஒரு நிம்மதி வரும். ஊரில் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் மளிகைக்கடை பாக்கி, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், நகைக்கடன் வட்டி என்று அடுத்த கணக்கு தொடங்கும்.

ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி, 2023-24ல் வெளிநாடுவாழ் இந்தியர்கள் ஊருக்கு அனுப்பிய பணம் சுமார் 11,870 கோடி டாலர். இதில் தமிழ்நாட்டுக்கு வந்த பங்கு 10.4 சதவிகிதம். மகாராஷ்டிராவுக்கும் கேரளாவுக்கும் அடுத்த மூன்றாவது இடம். ஆக, இது நம் வீட்டு விஷயம்.

ஆனால், அந்த கவுன்ட்டருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. ஒரு நாள் காலையில் அந்தக் கடையின் ஷட்டர் திறக்காமல் போனால்? கடைக்காரர் எந்தத் தப்பும் செய்யாமலே, அவருடைய வங்கி 'இனி உங்கள் கணக்கு எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டால்?

பிரிட்டனில் 2013ல் அப்படித்தான் நடந்தது. அதில் சிக்கித் தவித்தவர்கள் சோமாலியர்கள். அவர்களோடு சேர்ந்து போராடியவை, அதுவரை வெளியில் யாருக்கும் பெயர் தெரியாத சில வர்த்தகச் சங்கங்கள்.

கடைக்கும் ஒரு வங்கி வேண்டும்!

முதலில், பணம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம். நாம் கவுன்ட்டரில் கொடுக்கிற நோட்டு விமானம் ஏறிப் போவதில்லை. வெளிநாட்டுக் கடை, ஊரில் இருக்கும் வங்கிக்கோ தன் ஏஜென்டுக்கோ 'இந்தப் பெயரில், இவ்வளவு கொடுங்கள்' என்று தகவல் அனுப்புகிறது. அங்கே இருப்பில் உள்ள பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பிறகு நூற்றுக்கணக்கானோர் கட்டிய தொகையை மொத்தமாகச் சேர்த்து, வங்கி வழியாக ஒரே தவணையில் அனுப்பிக் கணக்கை நேர் செய்வார்கள். வளைகுடா எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் பலவும் இதற்காகவே இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கின்றன. அதில் முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருப்பதால்தான் நமக்குச் சில நிமிடங்களில் பணம் கிடைக்கிறது.

அதாவது, கவுன்ட்டரில் நிற்கும் தொழிலாளிக்கு வங்கிக் கணக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடைக்கு வங்கிக் கணக்கு இருந்தே ஆக வேண்டும். அது போய்விட்டால், லைசென்ஸ், கவுன்ட்டர், கம்ப்யூட்டர், வாடிக்கையாளர் எல்லாம் இருந்தும் கடை செத்த மாதிரிதான்.

பணமே உயிர்க்கயிறான தேசம்

சோமாலியாவில் 1991ல் அரசு சரிந்தது. மத்திய வங்கி, அஞ்சலகம், போலீஸ் என எல்லாம் போயிற்று. போரில் உயிர் பிழைத்தவர்கள் லண்டன், மினியாபொலிஸ், துபாய், நைரோபி என்று சிதறினார்கள். ஆனால், ஊரில் விட்டுவந்த தாய், தகப்பன், தம்பி, தங்கைக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதை மட்டும் விடவில்லை. அதற்கு அவர்கள் நம்பியது 'ஹவாலாத்' எனும் தங்கள் சொந்த ஏற்பாட்டை. நம் ஊரில் 'உண்டியல்' என்று சொல்வோமே, அதன் உறவுக்காரன். ஒரு வித்தியாசம்... அங்கே வேறு வழியே கிடையாது. காலப்போக்கில் அந்த நிறுவனங்கள் பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் முறைப்படி லைசென்ஸ் வாங்கி, வங்கிக் கணக்கு திறந்து, கம்ப்யூட்டர் ரசீது கொடுக்கும் கம்பெனிகளாகிவிட்டன.

இவற்றில் பெரியது 'தஹப்ஷீல்'. 1970ல் புராவோ என்ற ஊரில் சாதாரண வியாபாரமாகத் தொடங்கியது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களிடம் பணத்தை வாங்கி, அதில் சரக்கு எடுத்து ஊரில் விற்று, அந்தந்தக் குடும்பத்துக்கு உரிய தொகையைக் கொடுத்துவிடுவார் அதன் நிறுவனர். அங்கிருந்து வளர்ந்து, பிறகு ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும்கூட சோமாலியாவில் சம்பளம் கொடுக்க, நிவாரணத் தொகை சேர்க்க இந்த நிறுவனங்களையே நம்பின.

ஆக்ஸ்ஃபாம் உள்ளிட்ட அமைப்புகள் 2013ல் வெளியிட்ட அறிக்கை, சோமாலியாவுக்கு இப்படி வரும் பணம் ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் என்றது. அந்த நாட்டுக்கு வரும் நிவாரண உதவி, வளர்ச்சி உதவி, அந்நிய முதலீடு மூன்றையும் கூட்டினாலும் இதைவிடக் குறைவு. அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 2011ல், அங்கே பஞ்சம் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தப் பஞ்சத்தில் சுமார் 2,58,000 பேர் இறந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு சொன்னது. வெளிநாட்டிலிருந்து வரும் நூறு டாலர் என்பது அங்கே மாதச் சாப்பாடு.

வந்தது கடிதம்

2013ன் மத்தியில், பிரிட்டனின் பெரிய வங்கிகளில் ஒன்றான பார்க்லேஸ், சுமார் 250 பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்கு 'உங்கள் கணக்குகளை மூடப் போகிறோம்' என்று கடிதம் அனுப்பியது. மற்ற பெரிய வங்கிகள் அதற்கு முன்பே இந்தத் தொழிலைக் கைகழுவியிருந்தன. கடைசியாகத் திறந்திருந்த கதவு இதுதான். சோமாலியா மட்டுமல்ல... ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று பல நாடுகளுக்குப் பணம் அனுப்பும் சின்னச் சின்னக் கடைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

வங்கியின் தரப்பிலும் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2012 டிசம்பரில் இன்னொரு பிரிட்டிஷ் வங்கியான எச்.எஸ்.பி.சி., மெக்ஸிகோ போதைக் கும்பல்களின் பணம் தன் வழியே போனதைத் தடுக்கத் தவறியதற்காக அமெரிக்காவில் சுமார் 190 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது. அதைப் பார்த்த மற்ற வங்கிகள் கணக்குப் போட்டன. ஒரு பணப் பரிமாற்றக் கடையிடமிருந்து வரும் வருமானம் கொஞ்சம். அந்தக் கடை வழியாக ஒரு தப்பான ஆளுக்குப் பணம் போய்விட்டால் வரும் அபராதமோ மலையளவு. 'எதற்கு வம்பு' என்று மொத்தமாக விலகிவிட்டார்கள். இதற்கு வங்கித்துறையில் 'டி-ரிஸ்க்கிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்லவர், கெட்டவர் என்று தனித்தனியாகப் பார்க்காமல், அந்தத் தொழிலையே ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடுவது.

சோமாலியர்களுக்கு ஏற்கெனவே ஒரு சூடு பட்டிருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அந்த நவம்பரில், அப்போது அவர்களின் மிகப் பெரிய பணப் பரிமாற்ற நிறுவனமாக இருந்த 'அல் பரகாத்'தை அமெரிக்கா முடக்கியது. அதன் வழியே பணம் பெற்றுவந்த குடும்பங்கள் திண்டாடின. அந்த நிறுவனம் அல் கொய்தாவுக்குப் பணம் கொடுத்ததற்கு நேரடி ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று பின்னர் அமெரிக்க விசாரணைக் கமிஷனின் குழுவே சொன்னது. ஆனால், முடக்கியது முடக்கியதுதான்.

சங்கம் என்ன செய்தது?

வர்த்தகச் சங்கம் என்றாலே நமக்குக் கடையடைப்பும், மே 5 வணிகர் தின மாநாடும்தான் ஞாபகத்துக்கு வரும். பணப் பரிமாற்றத் தொழிலில் கடையடைப்பு நடத்தினால் பட்டினி கிடப்பது வாடிக்கையாளரின் அம்மாதான். எனவே, அவர்களுடைய போராட்டம் வேறு மாதிரி இருக்க வேண்டியிருந்தது.

பிரிட்டனில் அப்போது இந்தத் தொழிலுக்கென்று பொதுவான ஒரு சங்கமும், சோமாலிய நிறுவனங்களுக்கென்று தனியாக ஒரு சங்கமும் இருந்தன. ஒரு சின்னக் கடைக்காரர் தனியாக வங்கித் தலைமையகத்துக்குப் போனால், வாசலில் இருக்கும் செக்யூரிட்டியைத் தாண்ட முடியாது. 250 கடைகளின் சார்பில் ஒரு சங்கம் போனால், அரசாங்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பேச வேண்டும்.

அவர்கள் முன்வைத்த வாதம் எளிமையானது. 'நாங்கள் தலைமறைவாகத் தொழில் செய்யவில்லை. எங்களுக்கு நிதித்துறைக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு இருக்கிறது. கறுப்புப் பணத் தடுப்புச் சட்டப்படி வரித்துறை எங்களைக் கண்காணிக்கிறது. எங்களை மூடிவிட்டால் பணம் போவது நிற்காது. பெட்டியில் கட்டி விமானத்தில் போகும். அப்போது யார், யாருக்கு, எவ்வளவு அனுப்பினார்கள் என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.'

மறுபக்கம், சோமாலிய சமூகம் தெருவில் இறங்கியது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் இரண்டு தங்கம் வென்ற ஓட்டப்பந்தய வீரர் மோ ஃபாரா, தன் பூர்வீக மண்ணுக்காக ஆதரவுக் குரல் கொடுத்தார். தொண்டு நிறுவனங்களும் பேராசிரியர்களும் கூடச் சேர்ந்தார்கள்.

தஹப்ஷீல் நீதிமன்றத்துக்குப் போனது. வங்கி தன் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்பது வாதம். 2013 நவம்பர் 5ம் தேதி லண்டன் உயர் நீதிமன்றம், வழக்கு முடியும் வரை கணக்கை மூடக் கூடாது என்று இடைக்காலத் தடை கொடுத்தது. அடுத்த ஏப்ரலில் இரு தரப்பும் சமரசமாகி, நிறுவனம் வேறு ஏற்பாட்டுக்கு மாறிக்கொள்ள அவகாசம் கிடைத்தது.

பெரிய நிறுவனத்தால் வக்கீல் வைக்க முடிந்தது. சின்னக் கடைகள்? பல கடைகள் கணக்கை இழந்தன. சில மூடப்பட்டன. சில, பெரிய நிறுவனங்களுக்கு ஏஜென்டாக மாறிப் பிழைத்தன. நேற்று வரை முதலாளியாக இருந்தவர், இன்று இன்னொருவரின் போர்டை மாட்டிக்கொண்டு கமிஷனுக்கு உட்கார்ந்தார். சங்கம் இருந்தும் இதைத் தடுக்க முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மெதுவாக வந்த பலன்

சங்கங்களின் வேலை அன்றோடு முடியவில்லை. 2013 அக்டோபரிலேயே பிரிட்டிஷ் அரசு, சோமாலியாவுக்குப் பாதுகாப்பாகப் பணம் அனுப்ப உலக வங்கியோடு சேர்ந்து ஒரு முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. அரசு, வங்கிகள், பணப் பரிமாற்ற நிறுவனங்கள் மூன்றும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன.

2014 அக்டோபரில், கறுப்புப் பணத் தடுப்பு விதிகளை உலகத்துக்கே வகுக்கும் எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பும் வாய் திறந்தது. 'ஒரு தொழிலைச் சேர்ந்த வாடிக்கையாளர்களை மொத்தமாக வெளியேற்றுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, ஒவ்வொருவரின் அபாயத்தையும் தனித்தனியாக எடை போடுங்கள்' என்பது அதன் சாரம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிரிட்டனில் 2018 ஜனவரியில் அமலுக்கு வந்த புதிய பணப் பரிமாற்ற விதிகள். இதன்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குக் கணக்கு மறுக்கும் வங்கி, தகுந்த காரணத்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். பாரபட்சம் காட்டக் கூடாது. ஐரோப்பிய யூனியன் சட்டத்திலிருந்து வந்த விதி இது. வங்கிகள் இன்னும் தயங்குகின்றன என்பது உண்மை. ஆனாலும், 'வேண்டாம்' என்று ஒரு வரியில் முடித்துவிட்ட காலம் போய், 'ஏன் வேண்டாம்' என்று எழுதிக் கொடுக்க வேண்டிய காலம் வந்தது.

இன்னொரு வேலையும் சங்கத்துக்கு உண்டு. அது வீட்டைச் சுத்தம் செய்வது. கவுன்ட்டரில் இருக்கும் ஊழியருக்குச் சந்தேகப் பரிவர்த்தனையை அடையாளம் காணப் பயிற்சி கொடுப்பது, உறுப்பினர்களுக்கு நடத்தை விதி வகுப்பது, கட்டணத்தை வெளிப்படையாக எழுதி வைக்கச் சொல்வது... இதெல்லாம் வெளியே தெரியாத வேலை. ஆனால், இது இல்லாவிட்டால் மேலே சொன்ன வாதம் எதுவும் எடுபடாது. இந்தத் தொழிலில் தப்பு நடக்காமல் இல்லை. உலகின் மிகப் பெரிய நிறுவனமான வெஸ்டர்ன் யூனியன், மோசடிக்காரர்கள் தன் சேவையைப் பயன்படுத்துவதைத் தடுக்கத் தவறிய விவகாரத்தில் 2017ல் 58.6 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. ஒரு கடை செய்யும் தவறுக்குத் தெருவில் உள்ள எல்லாக் கடைகளும் கணக்கை இழக்கும் தொழில் இது. அதனால், பக்கத்துக் கடை ஒழுங்காக இருக்க வேண்டியது ஒவ்வொரு கடைக்காரருக்கும் அவசியம்.

சங்கம் யாருக்காக?

இவ்வளவையும் படித்துவிட்டு, சங்கம் என்றால் நமக்காகவே பாடுபடுகிற அமைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அது முதலாளிகளின் சங்கம்.

இதற்கு நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்களுக்கு 'ஃபெர்க்' என்ற கூட்டமைப்பு உண்டு. 2024ன் தொடக்கத்தில் இது ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கிளைகளில் பணம் அனுப்புவதற்கான கட்டணம் 15 சதவிகிதம், அதாவது சுமார் இரண்டரை திர்ஹாம் கூடுகிறது என்று. ஐந்து ஆண்டுகளாக ஏற்றவில்லை, வாடகையும் சம்பளமும் விதிமுறைகளுக்கான செலவும் கூடிவிட்டன என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயம் இருக்கலாம். ஆனால், கட்டடத் தொழிலாளி ஒருவர் வருடத்துக்குப் பன்னிரண்டு முறை பணம் அனுப்பினால் 30 திர்ஹாம் கூடுதல். மொபைல் ஆப் பயன்படுத்தத் தெரிந்தவர் ஓரளவு தப்பிக்கலாம். கவுன்ட்டரை மட்டுமே நம்பும் தொழிலாளிதான் அதைச் சுமக்க வேண்டும்.

புலம்பெயர்ந்தோர் பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 சதவிகிதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் இலக்கு. உலக வங்கியின் கணக்குப்படி, உலகச் சராசரி இன்னும் 6 சதவிகிதத்துக்கு மேல்தான் இருக்கிறது. வங்கி கதவை மூடும்போது குடும்பங்களின் கஷ்டத்தைச் சொல்லி வாதாடிய சங்கங்கள், கட்டணம் நிர்ணயிக்கும்போதும் அதே குடும்பங்களை நினைக்க வேண்டும். எந்த ஊர் சங்கமானாலும், அதன் மரியாதை அதில்தான் இருக்கிறது.

குடும்பங்கள் கவனிக்க...

* கட்டணம் குறைவு என்று மட்டும் பார்க்காதீர்கள். மாற்று விகிதத்திலும் கடைக்கு லாபம் உண்டு. 'நான் இவ்வளவு கொடுத்தால், ஊரில் கைக்கு எத்தனை ரூபாய் வரும்?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, இரண்டு, மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள்.

* லைசென்ஸ் உள்ள நிறுவனத்தில் மட்டும் அனுப்புங்கள். ரசீதும் அதில் உள்ள பரிவர்த்தனை எண்ணும் பணம் வந்து சேரும் வரை பத்திரம்.

* வெஸ்டர்ன் யூனியன் போன்ற சேவைகளில் வரும் பணத்துக்கு இந்தியாவில் வரம்பு உண்டு. ஒரு முறைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு வருடத்துக்கு 30 முறை. ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான் தருவார்கள். அதற்கு மேல் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். எக்ஸ்சேஞ்ச் மூலம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும் குடும்பச் செலவுப் பணத்துக்கு இந்த வரம்பு இல்லை.

* 'உண்டியலில் ரேட் அதிகம்' என்று ஆசை காட்டுவார்கள். இந்தியாவில் அது அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம். பணம் வராவிட்டால் புகார் கொடுக்கக்கூட வழியில்லை. உங்கள் கணக்கில் போடப்பட்ட பணம் யாரோ ஏமாற்றிச் சம்பாதித்ததாக இருந்தால், கணக்கே முடக்கப்படலாம்.

* ரூம்மேட் கேட்டார், நண்பர் கேட்டார் என்று அவர்கள் பணத்தை உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள். ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சோமாலியர்களின் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வங்கி அதிகாரிகள் பார்த்தது அபாயப் பட்டியலில் இருந்த 250 நிறுவனங்களை. அந்த 250க்குப் பின்னால் இருந்த அடுப்புகள் அவர்கள் கண்ணில் படவில்லை. அதை எடுத்துச் சொல்ல ஒரு கூட்டுக் குரல் இருந்ததால்தான் கொஞ்சமாவது மாற்றம் வந்தது. அடுத்த முறை 'பணம் போட்டாச்சு' என்று மொபைலில் ரசீதுப் படம் வரும்போது, அந்த வழி தானாகத் திறந்திருக்கவில்லை என்பதையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம். அப்படியே, எவ்வளவு கட்டணம் பிடித்தார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம்!